திருநீறும் வொரன்ரியும்

பனியில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால், ஆள் அளக்கிறான் என்று நினைத்திருப்பேன். ரொறொன்ரோவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அதன் திறப்புச் சாவியையே என் கையில் தந்துவிட்டார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு முடிகிற நேரம். ஸ்காபரோவில் வீடுகள் முடிந்து வயல்வெளி தொடங்கும் கரையில் ஒரு கோல்ஃப் கழகம் இருந்தது. கோடையில் பந்து அடிக்கிற புல்வெளியில், குளிர்காலத்தில் அதே மனிதர்கள் காலில் நீளமான சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். வெளியே தலை நீட்ட முடியாத குளிரில் ஒருவர் தானாக விரும்பி நடப்பார் என்பதே எனக்கு விளங்கவில்லை. அவர்கள் நடக்க ஒருவன் பாதை போட வேண்டும் என்பது இன்னும் விளங்கவில்லை. அதற்காகக் கழகம் புதிதாக வாங்கியதுதான் அந்த ஸ்னோமொபைல். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சில்லுக்குப் பதிலாக அகலமான றப்பர்ப் பட்டி. அதன் வாலில் ஓர் இரும்புச் சட்டத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் பனியில் இரட்டைக் கோடு விழும். அந்தக் கோட்டில் அவர்கள் நடப்பார்கள். கோடு போடுவது என் வேலை.

வேலைக்கு எடுத்த மேலாளரைப் போஸ் என்றே கூப்பிட்டோம். இத்தாலியில் பிறந்தவர். அதிகம் பேசாதவர். இயந்திரம் ஏதாவது ஓட்டியிருக்கிறாயா என்று கேட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்த காலம் முழுவதும் மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தேன் என்றேன். அது போதுமாக இருந்தது. குளிர்காலத்துக்கு எனக்கு ஒரு ஆள் தேவை என்றார். நான் சரி என்றேன்.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனைவியும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் மனைவியின் தமக்கை வீட்டில் ஒரு அறைக்குள் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கு நிலையான வேலை ஒன்று இருப்பதாக முதலாளியின் கடிதம் வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். போஸிடம் கேட்டேன். மூன்று மாதம் போகட்டும், பார்ப்போம் என்றார். ஆகவே அந்த மூன்று மாதத்தில் என்னால் ஒரு பிழையும் வரக்கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன்.

என்னோடு அறையில் இருந்த அண்ணை எனக்கு முந்திக் கனடா வந்தவர். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. தனக்கு முந்தி வந்தவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவது அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடம் எழுதப்படாத சட்டமாக இருந்தது. வண்டி வரப்போகிறது என்றதும் அண்ணை குசினியில் நின்றபடியே கட்டளையிட்டார்.

"புது வாகனம் எண்டால் சும்மா ஏறி ஓடக்கூடாது, கண்டீரோ. தேசிக்காய் வையும். திருநீறு பூசும். பிறகு ஓடும்."

"அண்ணை, உது வாகனம் எண்டு சொல்லேலுமோ?"

"பெற்றோல் குடிக்குதோ இல்லையோ? குடிச்சால் வாகனம்தான்."

மறுநாள் தேசிக்காய்களும் திருநீற்றுப் பையும் கோட்டுப் பையில் இருக்க, வேலைக்குப் போனேன். போஸ் இல்லாத நேரம் பார்த்துச் செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் வண்டி நின்ற கொட்டில் வாசலை விட்டு அசைவதாக இல்லை. அவர் முன்னாலேயே தேசிக்காயை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது, சில்லு இல்லாத வாகனத்துக்குத் தேசிக்காயை எங்கே வைப்பது. முதலில் முன்கட்டைகளின் கீழே வைத்தேன். வண்டியை நகர்த்தியதும் அவை நசியாமல் பனிக்குள் புதைந்து போயின. பிறகு பின்பட்டியின் கீழே ஒன்றை வைத்தேன். அது நசிந்தது உண்மைதான், ஆனால் மிச்சத்தைப் பட்டி வாரி எடுத்துப் போஸின் காற்சட்டையில் எறிந்தது. அவர் விதையைத் தட்டிவிட்டு, எதற்கு இது என்று கேட்டார். பழுதாகாமல் ஓடுவதற்கு என்றேன்.

"அதற்குத்தானே வொரன்ரி தந்திருக்கிறார்கள்" என்றார்.

வண்டியின் முன்மூடி வழுவழுப்பான பிளாஸ்ரிக். அந்தக் குளிரில் அதில் திருநீறு ஒட்டவில்லை. பெற்றோல் தாங்கியின் மூடி சொரசொரப்பாக இருந்தது. அதில் மூன்று குறி அழகாக விழுந்தது. கற்பூரம் கொளுத்தவில்லை. பெற்றோலுக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்கக்கூடாது என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. நான் கும்பிட்டு நிமிர்வதற்குள் போஸ் தன் தடித்த கையுறையோடு அந்த மூடியைப் பிடித்துத் திருகித் திறந்து, பெற்றோலை ஊற்றி, திரும்பவும் மூடினார். என் மூன்று குறியில் பாதி அவருடைய கையுறையில் இருந்தது. மற்றப் பாதி எங்கே போனது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு கிழமை நன்றாக ஓடியது. அதன் பிறகு நோய் தொடங்கியது. கொட்டிலில் வைத்துக் கயிற்றை இழுத்தால் உடனே உயிர் வரும். வெளியின் அந்தக் கரைக்குப் போனதும், சரியாக நடக்கத் தூரமான இடத்தில், இருமி இருமி நின்றுவிடும். முழங்கால் பனியில் நடந்து திரும்பி வருவேன். இரட்டைக் கோடு பாதியில் முடிந்துபோன இடத்தில் நின்று கழக அங்கத்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நான் காபரேற்றரைக் கழற்ற ஆயத்தமானேன். ஊரில் அதுதானே வழக்கம். பெற்றோல் வராவிட்டால் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி, துப்பி, ஊதி, பழைய பேப்பரில் பரப்பித் துடைத்துப் பூட்டிவிட்டுப் போவோம். போஸ் ஓடிவந்து என் கையிலிருந்த ஸ்பானரைப் பறித்தார்.

"தொடாதே. நாங்கள் கைவைத்தால் வொரன்ரி போய்விடும்."

சொந்தச் சாமானைத் தொட்டால் குற்றம். இது எனக்கு விளங்கப் பல நாள் எடுத்தது. விற்ற கடைக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது போஸ் விளக்கமாகச் சொன்னார். வண்டி ஒரு வருடத்துக்குள் தன்பாட்டில் பழுதானால் செய்த கம்பனி இலவசமாகத் திருத்தித் தரும். நாங்கள் பழுதாக்கியிருந்தால் தராது. சரி, அது தன்பாட்டில் பழுதானதா, நாங்கள் பழுதாக்கியதா என்பதை யார் சொல்வது என்று கேட்டேன். கம்பனிதான் சொல்லும் என்றார். அப்படியானால் அவர்களுக்கு எது வசதியோ அதைத்தானே சொல்வார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை.

கடையின் திருத்துமிடத்தில் செம்பட்டை மீசையோடு ஒருவர் நின்றார். போஸ் என்னை அவர் முன்னால் நிறுத்தி, ஓட்டியவன் இவன், இவனிடம் கேள் என்று சொல்லிவிட்டு ஆணி வாங்கப் போய்விட்டார். மீசைக்காரர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். என்ன பெற்றோல் ஊற்றினாய், உறையாமல் இருக்க மருந்து கலந்தாயா, இரவில் வெளியில் விட்டாயா, நிற்கும்போது இருமுகிறதா அல்லது சத்தமில்லாமல் நிற்கிறதா. இருமுகிறது என்றேன். எப்படி இருமுகிறது என்றார். என்னிடம் அதற்கு ஆங்கிலம் இல்லை. இருமிக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, நீளமாகவா சுருக்கமாகவா என்றார். மீண்டும் இருமினேன். உதிரிப்பாகம் வாங்க வந்த ஒரு பெண்மணி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

அடுத்த கிழமை கூப்பிட்டார்கள். போஸும் நானும் போனோம். மீசைக்காரர் ஒரு தகர மூடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்குள் வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறத்தில் மெல்லிய தூள். காபரேற்றரின் அடியில் இருந்ததாம். வடிகட்டியிலும் இருந்ததாம். பெற்றோல் போகிற வழி முழுவதும் இதுதான் அடைத்திருக்கிறது என்றார்.

அச்சு அசல் திருநீறு. விரலால் தொட்டுப் பார்த்தேன். தொட்ட விரல் பழக்கதோஷத்தில் நெற்றிக்குப் போகப் பார்த்தது. பாதி வழியில் மறித்துக் கீழே இறக்கினேன். மீசைக்காரர் அதைக் கண்டுவிட்டார்.

இது என்னவென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். சாம்பலாக இருக்கலாம் என்றேன். எங்கிருந்து வந்த சாம்பல் என்றார். நான் மூடியில் பூசியது என்றேன். ஏன் பூசினாய் என்றார். வண்டி பழுதாகாமல் இருக்க என்றேன். என்ன சாம்பல் என்றார். மாட்டுச் சாணத்தை எரித்து எடுப்பது என்றேன். ஒவ்வொரு பதிலையும் உண்மையாகத்தான் சொன்னேன். சேர்த்துக் கேட்டால் பைத்தியக்காரன் கதைபோல இருந்தது. மீசைக்காரர் பேனாவைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எழுதவில்லை. போஸைப் பார்த்தார். போஸ், ஆமாம், எலுமிச்சம்பழமும் இருந்தது என்றார். அது உதவியாகச் சொன்னதா, என்னை மாட்டிவிடச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெளியில் இருந்து ஏதாவது விழுந்திருந்தால் வொரன்ரி இல்லை, ஆனால் முடிவு சொல்வது நானில்லை, கம்பனியின் ஆள் வந்து பார்க்கட்டும் என்று மீசைக்காரர் சொன்னார். அவர் எப்போது வருவார் என்று கேட்டோம். வரும்போது வருவார் என்றார்.

அண்ணைக்கு இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"நீர் ஏன் சாம்பல் எண்டு சொன்னனீர்? ஆரும் உம்மட்டைக் கேட்டவையோ?"

"கேட்டவைதான், அண்ணை."

"கேட்டால் தெரியாது எண்டு சொல்லுறதுக்கென்ன? அதுசரி, திருநீறு போய் ஒரு மெசினைப் பழுதாக்குமோ? எவ்வளவு காலமாப் பூசிறம். ஆருக்கு என்ன நடந்தது?"

"நாங்கள் நெத்தியிலையெல்லோ பூசிறது. காபரேற்றருக்குள்ளை போடுறேல்லையே."

அன்றிரவு சோறு காய்ச்சுவது அண்ணையின் முறை. கறிக்கு உப்புப் போடவில்லை. கோபத்திலா மறதியிலா என்று நான் கேட்கவும் இல்லை.

என் தலைக்குள் ஒரே குழப்பம். திருநீறுதான் அடைத்தது என்றால் வொரன்ரி போகும், பழி என் மேல் விழும், கடிதம் கிடைக்காது, மகள் வெள்ளவத்தை அறைக்குள்ளேயே இருப்பாள். ஆகவே திருநீறு குற்றமில்லாதது என்று தீர்ப்பு வரவேண்டும். அதற்காகப் பிள்ளையார் படத்தின் முன்னால் நின்று நேர்ந்தேன். நேர்ந்துவிட்டு அதே பையிலிருந்து அதே திருநீற்றை எடுத்துப் பூசும்போது கை தயங்கியது. வழக்கில் மாட்டிக்கொண்டவனிடமே போய் ஜாமீன் கேட்பதுபோல் இருந்தது. அப்படி நினைத்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வண்டி இல்லாத அந்த நாட்களில் போஸ் என்னிடம் மண்வெட்டியைத் தந்தார். வாசல், வண்டி நிறுத்துமிடம், கொட்டில் வழி என்று பனி வழித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஊரில் என் மேலதிகாரிகள் திட்டுவார்கள், திட்டி முடிந்தால் விஷயமும் முடிந்தது. இந்த மனிதர் காலையில் தலையசைப்பார், மாலையில் தலையசைப்பார். கோபத்தை எங்கேயோ சேர்த்து வைக்கிறார், மூன்று மாத முடிவில் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வைப்பார் என்று எனக்குள் தீர்மானித்துவிட்டேன். கிழமைக்கு ஒரு தடவை கடைக்குப் போன் எடுத்துக் கேட்பேன். கம்பனி ஆள் இன்னும் வரவில்லை என்பார்கள்.

மாசி மாத நடுவில் அந்த ஆள் வந்தார். உன்னுடைய சாம்பலையும் கொண்டுவா என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய மெல்லிய மனிதர். என் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பேப்பர் விரித்து அதில் கொஞ்சத்தைக் கொட்டினார். பக்கத்தில் தகர மூடியிலிருந்த தூளைக் கொட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் இரண்டையும் விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். பிறகு அவை இரண்டையும் விட்டுவிட்டு, காபரேற்றரை எடுத்துச் சுத்தமாகத் துடைத்து, உள்ளே ரோர்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உள்ளே உலோகம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலக் குழிகுழியாக இருந்தது.

அவர் ஆறுதலாகச் சொன்னார். வண்டியைச் செய்து ஓடவைத்துப் பார்த்தபோது உள்ளே விட்ட பெற்றோல் வெளியே எடுக்கப்படாமல் ஒரு கோடை முழுவதும் கிடந்து கெட்டிருக்கிறது. அதில் தண்ணீர் ஊறி உலோகத்தைத் தின்றிருக்கிறது. தூள் அந்த உலோகத்திலிருந்து வந்தது. உன்னுடைய சாம்பல் ஒரு துளி விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம், ஆனால் சாம்பல் உலோகத்தைக் கடிக்காது. பெற்றோலை வெளியே எடுக்காமல் விட்டது கடையின் பிழை என்று அவர் மீசைக்காரரைப் பார்த்தார். தொழிற்சாலையின் பிழை என்று மீசைக்காரர் அவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இருவரும் எனக்குத் தெரியாத வேகத்தில் ஆங்கிலம் பேசினார்கள். முடிவில் வொரன்ரி உண்டு என்று தீர்ந்தது. காபரேற்றர், பெற்றோல் பம்ப், குழாய், வடிகட்டி எல்லாம் புதிது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அன்று பின்னேரம் அண்ணைக்குச் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னனான்" என்று அவர் எழும்பிப் போய்ப் பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார். இருவரும் சேர்ந்து கோழிக்கறி காய்ச்சினோம். மனைவிக்கு எடுத்து, பிரச்சினை தீர்ந்தது, கடிதம் வந்துவிடும் என்று சொன்னேன். மகளும் வாங்கிக் கதைத்தாள். இங்கே பள்ளிக்கூடத்துக்குக் குடை கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டாள்.

உதிரிப்பாகங்கள் வந்து, பூட்டி முடித்து, வண்டி கழகத்துக்குத் திரும்பி வந்தபோது பங்குனி நடுப்பகுதி. வெளியில் பனி கந்தல் துணிபோல் அங்குமிங்கும் கிடந்தது. இடைக்கிடை பழுப்புப் புல் தெரிந்தது. போஸ் கயிற்றை ஒரே இழுவையில் இழுத்தார். இருமல் இல்லை, தயக்கம் இல்லை, கடகடவென்று நிற்காமல் ஓடியது. கொட்டில் வாசலில் சேற்றுப் பனியில் ஒரு சுற்று ஓடிவிட்டு உள்ளே விட்டு, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினார்.

கட்டி முடித்து, வெள்ளிக்கிழமை உன்னுடைய கடைசி நாள் என்றார்.

முதலில் நான் அதை விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியதும், அந்தத் தூளாலா என்று கேட்டேன். அவர் என்ன தூள் என்றார். மறந்தே போயிருந்தார். சாம்பல், காபரேற்றர் என்றேன். அது வொரன்ரியில் சரிவந்துவிட்டதே என்றார். அப்படியென்றால் நான் என்ன பிழை விட்டேன் என்று கேட்டேன். ஒரு பிழையும் இல்லை, நல்ல வேலைக்காரன், பனி முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். கோடையில் புல் வெட்ட ஆட்கள் தேவையில்லையா என்றேன். அதற்கு வருடா வருடம் வருகிற பழைய ஆட்கள் இருக்கிறார்களாம். குளிர்காலத்துக்கு ஆள் தேவை என்று அன்றைக்கே சொன்னேனே என்றார். சொன்னார்தான். குளிர்காலம் முடிந்தால் ஆளும் முடியும் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை என்றால் அது ஓய்வூதியம் வரைக்கும் என்று நினைக்கிற நாட்டிலிருந்து வந்தவன் நான்.

கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார்த்திகை மாதம் எடுத்துப் பார் என்றார். கடிதமும் தந்தார். இன்ன மாதம் தொடக்கம் இன்ன மாதம் வரை வேலை செய்தான், நேர்மையானவன் என்று. குடிவரவு அலுவலகத்துப் பெண் அதை வாசித்துவிட்டு, வரை என்ற இடத்தில் விரலை வைத்து, இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. திட்டி அனுப்பியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். பழி போட்டிருந்தால் இல்லையென்று வாதாடியிருப்பேன், அதற்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆயத்தமாக இருந்தேன். இப்படிக் கையைக் குலுக்கி அனுப்பினால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஞாயிறு காலை, அங்கே பொழுதுபட்ட நேரமாகப் பார்த்து வெள்ளவத்தைக்கு எடுத்தேன். வேலை நின்றுவிட்டது என்று மனைவிக்குச் சொன்னேன்.

"என்னப்பா பிழை விட்டனீங்கள்?"

"ஒரு பிழையும் விடேல்லை."

"ஆரோடையும் கதைவழிப்பட்டனீங்களோ?"

"இல்லை. நல்ல மனுசன். கைகுடுத்துத்தான் அனுப்பினவர்."

"அப்ப அந்த மெசின் திரும்பவும் பழுதாப் போச்சோ?"

"இல்லை. அது இப்ப நல்லா ஓடுது."

"பிறகேனப்பா நிப்பாட்டினவங்கள்?"

"பனி கரைஞ்சிட்டுது."

அவளுக்கு அது விளங்கியிருக்காது. எனக்கே விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் தெருவில் பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. பிறகு அவள் மெல்லிய குரலில், மகள் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னாள்.

"எப்ப வாறது எண்டு கேக்கிறாள். என்ன சொல்ல?"

"பனி விழேக்கை எண்டு சொல்லும்" என்றேன்.